முன் சொக் மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு பழைய கதை

 

இது நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற பிள்ளை இருந்தால் அவருக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

போன மாதம் என்னிடம் முன்பு படித்த பொடியன் ஒருவன் கொழும்புத்துறையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு ஓட்டோவில் வந்து இறங்கினான். கையில் சாக்கால் சுற்றிய நீளமான இரண்டு குழாய்கள்.

"சேர், மோட்டோகுரொஸ் பைக்கின்ர முன் சொக். றேஸ் ஓடின பைக்கில இருந்து கழட்டினது. என்ர அட்வென்ச்சர் பைக்குக்குப் பூட்டப் போறன். கணக்கை ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

நான் கணித ஆசிரியர். கிறீஸ் பிடித்த கை இல்லை. வேறு நேரமென்றால் "கராஜில போய்க் கேள்" என்று அனுப்பியிருப்பேன். அனுப்ப மனம் வரவில்லை. முந்தைய வருடம் என்னுடைய இன்னொரு மாணவன் இதே வேலையைச் செய்வித்தான். பூட்டிக் கொடுத்தவர்கள் சொக்கை மட்டும் மாற்றினார்கள், பிறேக் குழாயை மாற்றவில்லை. புதிய சொக் நீளம், பழைய குழாய் கட்டை. ஒவ்வொரு குழியிலும் முன்சில்லு கீழே இறங்கும்போது குழாய் இழுபட்டு இழுபட்டு, ஒரு நாள் செம்மணிப் பக்கம் வளைவில் பிறேக் பிடிக்கும்போது இணைப்பில் விட்டுப் போனது. கால் முறிந்து ஆறு மாதம் கட்டிலில் கிடந்தான். அவனுடைய தாயார் என்னைக் கண்டபோது கேட்ட ஒரு கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது: "நீங்கள் படிப்பிச்ச கணக்கு இதுக்கு உதவாதோ, சேர்?"

உதவும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் கணக்குக்கு முன்னால் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு வண்டியின் பாகத்தை இன்னொரு வண்டிக்குப் பூட்டுவது யூடியூப் பார்த்து இப்போது வந்த பழக்கம் என்று பொடியன்கள் நினைக்கிறார்கள். அந்த வேலையின் பல்கலைக்கழகமாக யாழ்ப்பாணம் ஒரு காலத்தில் இருந்தது.

முதலில், சொக் என்று நாம் சொல்லும் இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது?

முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு முன்பக்கம் துவிச்சக்கர வண்டியின் கவர்தான். துள்ளலை வாங்க எதுவுமே இல்லை. பிறகு கவரின் மேல்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கை வைத்து, இணைப்புக் கம்பிகளால் ஆட விட்டார்கள். அந்த வகைதான் பல பத்து வருடங்கள் நின்றது. இங்கிலாந்தில் யோர்க்ஷயரைச் சேர்ந்த அல்பிரட் அங்கஸ் ஸ்கொட் 1908 இல் தன் வண்டியில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கி இறங்கும் முன்பக்கத்தைச் செய்தார். ஆனால் உள்ளே எண்ணெய் கொண்டு துள்ளலை அடக்கும் வசதி அதில் இல்லை. டென்மார்க்கின் நிம்பஸ் 1934 இல் குழாய்க்குள் குழாய் வகையைப் பூட்டியது. 1935 இல் ஜேர்மனியின் பீஎம்டபிள்யூ ஆர் 12 வண்டியில் எண்ணெயால் துள்ளலை அடக்கும் குழாய்ச் சொக் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் சொக்குக்கு அதுதான் மூதாதை.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் என்ன, எண்ணெய் எதற்கு என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். ஸ்பிரிங் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும். ஒரு குழியில் விழுந்தால் வண்டி பத்து முறை துள்ளும். எண்ணெயைச் சிறு துளைகளுக்குள்ளால் தள்ளும்போது அந்தச் சக்தி வெப்பமாகப் போய்விடும். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது, எண்ணெய் ஆட்டத்தை அடக்குகிறது. இரண்டும் வேறு வேறு வேலை. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்துக்காக மச்லெஸ் கம்பனி 1941 இல் ஜீ3எல் என்ற வண்டியை எண்ணெய்ச் சொக்குடன் செய்தது. போர் முடிந்தபின் அந்த வகைதான் எங்கும் பரவியது. பழைய வண்டி வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்பிரிங் வகை முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு எண்ணெய்ச் சொக்கைப் பூட்டினார்கள். 1950களிலும் 60களிலும் இங்கிலாந்து இளைஞர்கள் ட்ரையம்ப் என்ஜினை நோர்ட்டன் சட்டகத்தில் ஏற்றி, அதற்கு ட்ரைட்டன் என்று பெயரும் வைத்தார்கள். ஆகவே பாகம் மாற்றிப் பூட்டுவது வறுமையால் மட்டும் வந்த வேலையுமல்ல. நல்ல சட்டகம் ஒருவரிடமும் நல்ல என்ஜின் இன்னொருவரிடமும் இருந்தால் கைக்கு வேலை வரும்.

அதற்குப் பிறகு சொக் இரண்டு வழியாகப் பிரிந்தது. ஒன்று வீதிக்கு, மற்றது சேற்றுக்கும் பாய்ச்சலுக்கும். மோட்டோகுரொஸ் என்று நாம் சொல்லும் போட்டி 1924 இல் இங்கிலாந்தின் கம்பர்லியில் தொடங்கியதாகக் கணக்கிடுவார்கள். ஆரம்பத்தில் வீதி வண்டியைத்தான் சேற்றில் ஓடினார்கள். 1970களில் நிலைமை மாறியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றைச் சொக் பின்பக்கத்தைக் கொண்டு யமஹா 1973 இல் 250 சீசீ உலகப் பட்டத்தை வென்றது. பின்பக்கம் கூடுதலாக ஏறி இறங்கத் தொடங்கியதும் முன்பக்கமும் நீள வேண்டியதாயிற்று. சில வருடங்களுக்குள் முன்சில்லு ஏறி இறங்கும் தூரம் ஏறத்தாழ 300 மில்லிமீற்றரைத் தொட்டது. 1980களில் தடித்த குழாய் மேலே, மெல்லிய குழாய் கீழே என்று தலைகீழ்ச் சொக்கும் வந்தது. தடித்த பக்கத்தைச் சட்டகம் பிடித்துக்கொள்வதால் பாய்ந்து விழும்போது வளைவது குறைவு.

அதே காலத்தில் இன்னொரு வண்டி பிறந்தது. 1978 டிசம்பர் 26 இல் பாரிஸிலிருந்து ஆபிரிக்காவின் டாக்கார் நகருக்கு முதலாவது நெடும்போட்டி புறப்பட்டது. யமஹா எக்ஸ்ரீ 500 இல் சிறில் நெவ்யூ வென்றார். 1980 இல் பீஎம்டபிள்யூ ஆர் 80 ஜீஎஸ் விற்பனைக்கு வந்தது. வீதியிலும் ஓடலாம், மண்ணிலும் ஓடலாம், பொதி கட்டிக்கொண்டு நாடு கடக்கலாம். இன்று அட்வென்ச்சர் பைக் என்று சொல்லும் வகை அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் பக்கத்தில் 2016 இல் வந்த றோயல் என்பீல்ட் ஹிமாலயன் இதற்கு நல்ல உதாரணம். அதன் முன்சில்லு 200 மில்லிமீற்றர் ஏறி இறங்கும்.

இப்போது பொடியனின் ஆசை உங்களுக்கு விளங்கும். அவனுடைய வண்டியில் 200, சாக்குக்குள் கிடப்பதில் 300. நூறு மில்லிமீற்றர் இலவசமாகக் கிடைக்கிறது என்று நினைக்கிறான்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

எங்கள் பூர்வீகம் சோனகத் தெரு. 1980களில் யாழ்ப்பாண முஸ்லிம்களில் பலருக்கு இரும்புக் கடை, பழைய இரும்பு வியாபாரம், லொறி, தையல் என்பவைதான் தொழில். என் மாமா ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, உடைத்து, பாகம் பாகமாக விற்பவர். அவருடைய கொட்டிலில் ஹொண்டா சீ 50, சீ 70, சீ 90 என்று எந்தப் பாகமும் இருக்கும். 1958 இல் ஜப்பானில் பிறந்த அந்தச் சின்ன ஹொண்டாக் குடும்பம் உலகத்தில் பத்துக் கோடிக்கு மேல் விற்பனையானது. ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்பது அதற்கு ஒரு பெரிய பலம். ஜப்பான் தபால்காரருக்காகச் செய்த எம்டி 90 எங்கள் வீதிகளில் ராசாவாக ஓடியது. ஏனைய சின்ன ஹொண்டாக்களுக்கு முன்பக்கம் ஒரு சிறு நெம்புகோலில் ஆடும். எம்டி 90 க்குக் குழாய்ச் சொக். மாமா அடிபட்ட எம்டி 90 ஐ வாங்கினால் முதலில் முன்பக்கத்தைத்தான் கழற்றி எடுத்து வைப்பார். சீ 90 வைத்திருப்பவர்கள் அதைத் தேடி வருவார்கள். நான் சின்னப் பிள்ளையாக அந்தக் கொட்டிலில் பந்து வளையத்துக் குண்டுகளை எண்ணி விளையாடியிருக்கிறேன். எண்ணும் பழக்கம் அங்கிருந்துதான் எனக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. ஒக்டோபர் 30 ஆம் திகதி காலை ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். அந்த நாட்களில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாமா கொட்டிலைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் திறப்பு புத்தளம் அகதி முகாமில் பல வருடம் ஓலைக் கூரையில் சொருகிக் கிடந்தது.

இதை யாரையும் நோகடிக்க எழுதவில்லை. நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையின் அடுத்த பகுதியைச் சொல்ல முடியாது. அடுத்த பகுதி நடந்தபோது நான் இங்கு இல்லை. யாழ்ப்பாணத்தின் கைவேலை உச்சத்தில் இருந்த வருடங்களை நான் புத்தளத்தில் இருந்து தவறவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்தபின் கொழும்புத்துறையில் ஒரு மெக்கானிக் அண்ணையிடம் கேட்டது. அவருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்றார்.

அண்ணை சொன்னது இதுதான்.

போர் தொடங்கியதோடு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் ஒன்றும் வராது. மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துப் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டவர்களும் இந்தப் பதிவை வாசிக்கிறவர்களில் நிறைய இருப்பீர்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபிரேற்றருக்குள் விட்டு உதைத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கும். அதனால் ஒயிலை அடிக்கடி மோந்து பார்ப்பதே ஒரு வேலை என்றார் அண்ணை.

எரிபொருள் கதை எல்லோருக்கும் தெரியும். சொக் கதையை யாரும் எழுதவில்லை. ஆனையிறவு மூடப்பட்டபின் குடாநாட்டை விட்டு வெளியே போக நல்ல பாதை இல்லை. கொம்படி, ஊரியான் பக்கம் சேற்றுக்குள்ளாலும் தண்ணீருக்குள்ளாலும் போனார்கள். பிறகு கிளாலியில் வள்ளம் ஏறிக் கடனீரேரியைக் கடந்தார்கள். மோட்டார் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றினார்கள். மறுகரையில் மணல், பள்ளம், குண்டு விழுந்த குழி. வண்டியின் பின்னால் அரிசி மூட்டை, முன்னால் பிள்ளை. அட்வென்ச்சர் பைக் என்ற சொல்லை யாரும் இங்கு கேள்விப்படாத காலம் அது. முன் சொக் தாங்குமா? தாங்காது. ஸ்பிரிங் முறியும், உப்புத் தண்ணீர் குழாயைத் தின்னும், எண்ணெய் கசியும்.

புதியது வாங்க வழியில்லை. அண்ணை என்ன செய்தார்? முறிந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பெரிய வண்டியின் ஸ்பிரிங்கை அறுத்துப் போட்டார். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் அதன் விறைப்பு இரட்டிப்பாகும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அண்ணை படிக்கவில்லை. கடப்பாரையால் அமத்திப் பார்த்து, எத்தனை சுற்று வெட்டினால் எவ்வளவு இறுகுது என்று சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். சொக்குக்குள் விட எண்ணெய் இல்லை. பழைய என்ஜின் ஒயிலைத் துணியில் வடித்து விட்டார். தடிப்பாக இருந்தால் ஆட்டம் அடங்கும், ஆனால் கல்லில் ஏறும்போது கை நோகும். மெல்லியதாக இருந்தால் துள்ளும். இரண்டுக்கும் நடுவே பார்த்துக் கலந்தார். மணல் போகாமல் இருக்கச் சைக்கிள் ரியூப்பை வெட்டிக் குழாயில் மாட்டினார். கடைசல் மெசினுக்கு மின்சாரம் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் என்ஜினில் பெல்ட் கொடுத்துச் சுற்றினார்.

"மாஸ்ரர், அப்ப ஒரு பிழை விட்டா வேற சாமான் இல்லை. அதால அளக்காமல் ஒண்டும் வெட்டேலாது" என்றார்.

அண்ணையின் பட்டறையில் கிடந்த பழைய பாகங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று தெரிய வந்தது. 1991 இல் ஒருவர் அவரிடம் ஒரு சாக்கு நிறைய ஹொண்டாப் பாகங்களை விற்றிருக்கிறார். சோனகத் தெருப் பக்கம் எடுத்ததாம். "ஆற்றை எண்டு எனக்குத் தெரியும் மாஸ்ரர். வாங்கினதும் பிழை, வாங்காட்டி உருக்கிப்போடுவாங்கள் எண்டும் நினைச்சன்" என்று அவர் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. அது மாமாவின் கொட்டில் சாமானா, வேறு யாருடையதா என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொக்குகள் தடைக்கால வண்டிகளில் ஏறி கிளாலிக் கரையில் யாரோ ஒருவருடைய பிள்ளையைச் சுமந்திருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிறகு அதே திகதி திரும்பி வந்தது. 1995 ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருடம். இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறியது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்களில் அண்ணையும் ஒருவர். சைக்கிள் கரியரில் சாவி செற், அளவுகோல், தூக்குக்குண்டு. கடைசல் மெசினை விட்டுவிட்டு வந்தார். நானும் மாமாவும் ஒரு ஒக்டோபர் 30 இல் போனோம், அவர் இன்னொரு ஒக்டோபர் 30 இல் போனார். இதை நாங்கள் இரண்டு பேரும் முதல் தரம் கதைத்தபோது அண்ணை தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. மாமா திறப்போடு வந்தார். கொட்டிலே இல்லை, திறக்கப் பூட்டும் இல்லை. 2006 இல் பாதை திரும்ப மூடியது. 2009 க்குப் பின் இந்திய வண்டிகள் தவணைப் பணத்துக்கு வந்தன. பாகம் பழுதானால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பூட்டும் காலம் வந்தது. அண்ணையிடம் வேலை பழக வந்த பொடியன்கள் குறைந்தார்கள். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். 2025 இல்தான் இறக்குமதி திரும்பத் தொடங்கியது. இடையில் இருந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டியைப் புதுப்பிக்கும் ஆசையும் பாகம் மாற்றிப் பூட்டும் வேலையும் திரும்பி வந்தன. ஆசை வந்தது, அளவுகோல் வரவில்லை. இதுதான் என் கவலை.

சரி, பொடியனின் சொக்குக்கு வருவோம். அவனை அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணை சொக்கைத் தொடவே இல்லை. முதலில் வண்டியைச் சமநிலத்தில் நிமிர்த்தி நிறுத்தச் சொன்னார். ஹான்டிலைத் தாங்கும் தண்டின் சரிவுக்கு ஒரு நேர்க்கம்பியைப் பிடித்து, அந்தக் கோடு நிலத்தைத் தொடும் இடத்தில் சோக்கால் புள்ளி வைத்தார். முன்சில்லின் அச்சிலிருந்து நூலில் தூக்குக்குண்டை விட்டு, அது தொட்ட இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தார்.

அந்தத் தூரத்தை ஆங்கிலத்தில் ட்ரெயில் என்பார்கள். கடைகளில் தள்ளுவண்டியின் சிறு சில்லைப் பாருங்கள். தள்ளும் திசைக்குத் தானே திரும்பி நேராக வரும். சில்லு நிலத்தைத் தொடும் இடம் தண்டின் கோட்டுக்குப் பின்னால் இருப்பதால்தான் அப்படி. மோட்டார் சைக்கிள் நேராக ஓடுவதற்கும் அதுவே ஒரு முக்கிய காரணம். தூரம் குறைந்தால் ஹான்டில் நடுங்கும். கூடினால் நேராக ஓடும், ஆனால் வளைவில் திருப்ப மனமில்லாமல் நிற்கும்.

என் பங்குக்கு நான் கணக்கைப் போட்டேன். ஒரு உதாரணம் தருகிறேன், சாதாரண தரம் படித்தவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். சில்லின் ஆரை 345 மில்லிமீற்றர். தண்டின் சரிவு நிலைக்குத்திலிருந்து 27 பாகை. சொக்கும் அதன் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ்த் தட்டுகளும் சேர்ந்து சில்லின் அச்சைத் தண்டின் கோட்டுக்கு 35 மில்லிமீற்றர் முன்னால் தள்ளி வைத்திருக்கின்றன. ஆரையைச் சரிவின் சைனால் பெருக்கி, அந்த 35 ஐக் கழித்து, சரிவின் கோசைனால் பிரித்தால் ட்ரெயில் வரும். விடை ஏறத்தாழ 136 மில்லிமீற்றர்.

சொக்கும் தட்டும் மாறினால் அந்த முன்தள்ளலும் மாறும். 22 என்று வைத்தால் ட்ரெயில் 151 ஆகிவிடும். அதோடு நீளமான சொக்கால் முன்பக்கம் 60 மில்லிமீற்றர் உயர்ந்தால், இரண்டு சில்லுக்கும் இடையில் 1,450 மில்லிமீற்றர் உள்ள வண்டியில் சரிவு இரண்டரைப் பாகையளவு கூடும். ட்ரெயில் 169 ஐ எட்டும். 136 க்குப் பழகிய கை 169 இல் செம்மணி வளைவைத் திருப்பப் போகிறது. மேலும் முன்பக்கம் உயர்ந்தால் பாரம் பின்னால் போகும், முன் ரயரின் பிடி குறையும்.

"சேர், சில்லு நேராகத்தானே ஓடும் எண்டியள்?" என்றான் பொடியன்.

"நேரான றோட்டில" என்றார் அண்ணை.

அடுத்தது பாரம். மோட்டோகுரொஸ் வண்டி ஏறத்தாழ 110 கிலோ. அவனுடைய வண்டி 190 க்கு மேல். அதற்கு மேல் அவன், பின்னால் ஒருவர், பொதி. றேஸ் வண்டியின் ஸ்பிரிங் பாய்ந்து விழும் ஒரு மெல்லிய வண்டிக்கும் ஓட்டுபவர் ஒருவருக்கும் செய்தது. இந்தப் பாரத்தில் அது பாதித் தூரத்தை நிற்கும்போதே விழுங்கிவிடலாம். பிறேக் பிடித்தால் மூக்குக் குத்தும். அப்போது சரிவும் ட்ரெயிலும் ஒரே நொடியில் மாறும். நூறு மில்லிமீற்றர் இலவசம் என்று நினைத்தது இப்படித்தான் கரைந்து போகும். ஏறி இருக்கும்போது சொக் இறங்குவது மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதற்கு ஸ்பிரிங்கை மாற்றியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் சொன்னேனே, ஸ்பிரிங் ஒரு வேலை, எண்ணெய் இன்னொரு வேலை என்று. விறைப்பான ஸ்பிரிங் போட்டால் அது திருப்பித் தள்ளும் வேகமும் கூடும். அதை அடக்க உள்ளே எண்ணெய் போகும் வழிகளையும் சரிசெய்ய வேண்டும்.

பிறகு அண்ணை ஒரு தாளில் என்னை எழுதச் சொன்னார். அப்படியே தருகிறேன்.

ஒன்று, தண்டு. றேஸ் வண்டியின் தண்டு நீளமும் பந்து வளையத்தின் அளவும் வேறு. பழைய வண்டியின் தண்டை அழுத்திக் கழற்றிப் புதிய தட்டுக்குப் பூட்ட வேண்டும், அல்லது கடைசலில் புதிதாகச் செய்ய வேண்டும். வெல்டிங் பிடித்துச் சமாளிக்கக் கூடாது. அது விட்டுப் போனால் முன்பக்கமே கையோடு வந்துவிடும்.

இரண்டு, அச்சு. சில்லுக்கு நடுவே போகும் அச்சின் விட்டம் பொருந்த வேண்டும். இடைவெளியை மெல்லிய தகட்டால் நிரப்பக் கூடாது. உரிய பந்து வளையமும் அளவாகக் கடைந்த வளையமும் போட வேண்டும். சில்லு நடுவில் நிற்கிறதா என்று பின்சில்லோடு நூல் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று, பிறேக். தட்டின் விட்டம், பிடிக்கும் பாகத்தின் இடம் இரண்டும் பொருந்த வேண்டும். குழாய் புதிய நீளத்துக்கு வேண்டும். முன்சில்லைத் தூக்கித் தொங்க விட்டு, ஹான்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். குழாய் எங்கேயும் இழுபடக் கூடாது. வண்டியில் ஏபிஎஸ் இருந்தால் அதன் உணரியையும் வளையத்தையும் ஏற்ற இடம் வேண்டும்.

நான்கு, முட்டு. ஹான்டிலை முழுதாகத் திருப்பும்போது சொக் குழாய் தாங்கியில் அடிக்கக் கூடாது. றேஸ் தட்டில் ஹான்டில் பூட்டு இருக்காது, அதையும் யோசிக்க வேண்டும்.

ஐந்து, மேல் நோக்கி. சொக் முழுதாக அமரும்போது சில்லு கீழ்த் தட்டில் அல்லது மட்காட்டில் முட்டுமா? ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அமத்திப் பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவையும் எழுதி முடிக்கப் பொடியனின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப பூட்டேலாதோ, ஐயா?" என்று கேட்டான்.

"பூட்டலாம். உள்ளுக்கு ஒரு கட்டை வளையம் போட்டு 300 ஐ 230 ஆக்கு. முன்பக்கம் அவ்வளவு உயராது. விறைச்ச ஸ்பிரிங் எடு. முன்தள்ளல் கூடின தட்டு கடைஞ்சு எடுப்பம். பின் சொக்கையும் அதுக்கேத்த மாதிரிப் பாக்க வேணும். காசு எவ்வளவு வரும் எண்டு முதல்ல மாஸ்ரரோட கணக்குப் போடு."

கணக்குப் போட்டோம். அந்தப் பணத்துக்கு அவனுடைய பழைய சொக்குக்கே நல்ல ஸ்பிரிங்கும் புதிய எண்ணெயும் புதிய சீலும் போட்டு, மிச்சத்துக்கு இரண்டு நல்ல ரயரும் வாங்கலாம் என்று வந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தான். இப்போதைக்குப் பழைய சொக்கையே திருத்துவதாகச் சொன்னான். மோட்டோகுரொஸ் சொக் அண்ணையின் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சனிக்கிழமைகளில் வந்து அண்ணையோடு அதைக் கழற்றி உள்ளே படிக்கிறான். எப்போதாவது பூட்டுவான், அதில் சந்தேகமில்லை. அளந்து பூட்டுவான்.

இனி ஊரவர்களிடம் இரண்டு வேண்டுகோள்.

தடைக்காலத்தில் வண்டி திருத்தியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய கையில் இருப்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளின் போனில் நல்ல கமரா இருக்கிறது. ஒரு பின்னேரம் போய் உட்கார்ந்து கேளுங்கள். எரிபொருள் கதையோடு நிறுத்தாமல், எதை எதற்குப் பூட்டினீர்கள், எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கும் எங்கள் பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் நானும் கேட்டு வருகிறேன். 1990 க்கு முன்னைய பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது. மாமா போன வருடம் காலமானார். அவரிடம் நான் முழுதாகக் கேட்கவில்லை.

மற்றது, உங்கள் பிள்ளை ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு வந்தால் ஏசாதீர்கள், மறைத்துச் செய்வான். ஒரு நூலும் ஒரு தூக்குக்குண்டும் எடுத்துக் கொடுங்கள். கணக்குத் தேவையென்றால் என் வீடு தெரியும்தானே, இறங்குதுறைக்குப் போகும் வழியில். இஷாவுக்குப் பிறகு வரச் சொல்லுங்கள்.